ஒரே ரைபிள்ல நாலு ரைபிள்: பார்ட்ஸ் மாறின பழைய த்ரீ நாட் த்ரீ எங்க பொறந்துச்சுன்னு கண்டுபிடிக்கிற வழி

வடசென்னைக்காரங்களுக்கு புல்லட் வண்டிய வெச்சு சொன்னா டக்குனு புரியும். ஒரு பழைய புல்லட் வாங்குறீங்க, டேங்க் ஒரு வண்டியோடது, மட்கார்டு இன்னொரு வண்டியோடது, இஞ்சின் நம்பர் ஒண்ணு சேஸிஸ் நம்பர் ஒண்ணு, விக்கிறவரு மட்டும் "ஒரிஜினல் சார், தாத்தா ஓட்டுனது"ன்னு சத்தியம் பண்ணுவாரு. பழைய மிலிட்டரி ரைபிளும் அச்சு அசல் அதே கதை தான். ரெண்டுக்கும் சொந்தம் கூட உண்டு. இங்கிலாந்துல ரெட்டிச்சுங்கிற ஊர்ல இருந்த சைக்கிள் கம்பெனி, என்ஃபீல்டுல இருந்த அரசாங்க துப்பாக்கி ஃபேக்டரிக்கு பார்ட்ஸ் செஞ்சு குடுத்துச்சு, அதனால தான் ராயல் என்ஃபீல்டுனு பேரு, பழைய லோகோல பீரங்கி இருக்கறதும் அதனால தான். 1955ல அந்த கம்பெனி மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட சேந்து திருவொற்றியூருக்கு வந்துச்சு. தினமும் அந்த வழியா பஸ்ல போறவங்களுக்கு இது தெரியாது.

நான் ஆர்மில ஆர்மரரா, அதாவது ஆயுதம் ரிப்பேர் பாக்குறவனா இருந்தவன். ரிடையர் ஆகி தண்டையார்பேட்டைல சின்னதா லேத் பட்டறை போட்டிருக்கேன். பக்கத்து காலேஜ் என்சிசி கோத்துல (ஆயுதம் வெக்கிற ரூம தான் கோத்னு சொல்லுவோம்) பழைய டிபி ரைபிள்லாம் லிஸ்ட் எடுக்கணும், வந்து பாத்து சொல்லுங்கன்னு கூப்பிட்டாங்க. டிபின்னா ட்ரில் பர்பஸ், சுட முடியாம பண்ணி வெச்சது, பரேடுக்கு மட்டும். அந்த வேலைல பாத்தத வெச்சு எழுதுறேன். என்ன அறிகுறி தெரியுது, எங்க பாக்கணும், அதுக்கு என்ன அர்த்தம், அவ்ளோ தான். நம்ம ஊர்ல கண்ணுல படுறது பெரும்பாலும் லீ என்ஃபீல்டு தான், த்ரீ நாட் த்ரீ, .303னு சொல்றது இதத் தான், அதனால அத மட்டும் பேசுறேன்.

தொடுறதுக்கு முன்னாடி

சட்டம் முதல்ல. .303 நம்ம நாட்டுல சாதா லைசென்ஸ்ல வெச்சுக்க முடியாத குழல் அளவு, ப்ரொஹிபிடெட் போர், சுருக்கமா பி.பி.னு சொல்லுவாங்க. 1959 ஆயுத சட்டத்துல, ரிப்பேர் பண்ணாலும் சுட முடியாத பழசுக்கு விலக்கு இருக்கு, ஆனா இது அந்த விலக்குல வருதா வராதான்னு நாமளே முடிவு பண்ணிக்க கூடாது. பரண்ல, பழைய ட்ரங்கு பொட்டில, இடிக்கிற வீட்டு சுவத்துக்குள்ள ஏதாச்சும் கெடைச்சா எடுத்து தொடச்சு போட்டோ போட்டுக்கினு இருக்காம ஸ்டேஷனுக்கு சொல்லுங்க. இங்க எழுதுறது என்சிசி கோத், மியூசியம், ரெஜிமென்ட் ஹால், லைசென்ஸ் உள்ள ஷூட்டிங் ப்ராப் ஸ்டோர் மாதிரி இடங்கள்ல வேலை பாக்குறவங்களுக்கு.

டிபியா இருந்தாலும் மேகசின கழட்டி, போல்ட்ட (கைப்பிடி வெச்ச, குழலோட பின்வாய மூடுற இரும்பு) பின்னால இழுத்து, சேம்பர (குண்டு உக்கார்ற இடம்) கண்ணால பாத்து, விரல விட்டும் பாத்துட்டு தான் மேல. முப்பது வருஷம் இந்த வேலைல இருந்தவனும் இத செய்வான்.

சாமான் பெருசா ஒண்ணும் வேணாம். மண்ணெண்ணெய், பழைய பல் தேய்க்கிற ப்ரஷ், டார்ச், தையல் மெஷின் ஆயில், ஒரு சாக்பீஸ். எழுத்து தேஞ்சு போன இடத்துல சாக்பீஸ அப்படியே தேச்சு விரலால தொடச்சா வெள்ளை பள்ளத்துல மட்டும் நிக்கும், எழுத்து தானா எந்திரிச்சு வரும். சாக்பீஸ் இல்லாத ஒரு நாள்ல என் சட்டைப் பையில இருந்த விபூதி பொட்டலத்த பிரிச்சு தேச்சேன், சாக்பீஸ விட நல்லாவே தெரிஞ்சுது. டார்ச்ச நேரா அடிக்காதீங்க, பக்கவாட்டுல படுக்க வெச்சு அடிங்க, நிழல் விழுந்தா தான் எழுத்து தெரியும். தேங்காய் எண்ணெய் போடாதீங்க, நாளாக நாளாக பிசுக்கு புடிச்சுக்கும்.

எமரி பேப்பர் மட்டும் கையில எடுக்கவே எடுக்காதீங்க. ஒரு இடத்துல, பேர் வேணாம், ஆண்டு விழாவுக்கு சீஃப் கெஸ்ட் வர்றாருன்னு சுவத்துல மாட்டியிருந்த ரைபிள பஃபிங் வீல்ல குடுத்து எவர்சில்வர் சொம்பு மாதிரி பண்ணி வெச்சிருந்தாங்க. நான் போய் பாக்கும்போது ஃபேக்டரி பேரு, வருஷம், நம்பர் ஒண்ணு கூட இல்ல. பளபளன்னு இருக்கு, ஆனா யாரோட புள்ளைன்னு தெரியல. எனக்கு அன்னிக்கு சோறு எறங்கல. துரு கூட எழுத்த மிச்சம் வெக்கும், எமரி வெக்காது.

இது எந்த மாடல்னே புரியல

மூக்க பாருங்க. குழலோட வாய் வரைக்கும் ஒரு இரும்பு மூடி வந்து மூஞ்சி சப்பையா இருந்தா அது நம்பர் 1 (இது மாடல் பேரு, சீரியல் நம்பர் இல்ல), பழைய பேர் எஸ்எம்எல்ஈ. குழல் ரெண்டு மூணு இஞ்ச் வெளிய துருத்திக்கினு இருந்தா நம்பர் 4. மூஞ்சி சப்பையா இருக்கற இந்த நம்பர் 1ல மார்க் 3 (மார்க்னா மாடலோட திருத்தம்) வந்தது 1907ல, மொத்த நீளம் நாப்பத்தி நாலரை இஞ்ச், பத்து குண்டு மேகசின். டேப்ப வெச்சு அளந்தா அதுக்கு மேல ஒரு அஞ்சு இஞ்ச் நீளமா வந்தா அது அதுக்கும் முந்தின நீள லீ என்ஃபீல்டு, அது வேற கதை.

இன்னொரு வழி பேக்சைட், குறி பாக்குறதுக்கு பின்பக்கம் இருக்கறது. நம்பர் 1ல அது குழல் மேல நடுவுல உக்காந்திருக்கும். நம்பர் 4ல கண்ணுக்கு கிட்ட, போல்ட்டுக்கு பின்னாடி, நடுவுல ஓட்டை வெச்சு இருக்கும். இது ரெண்டுல மேட்டர் முடிஞ்சிடும்.

அடுத்து பிறந்த சர்டிபிகேட். நம்பர் 1ல போல்ட் கைப்பிடிக்கு கீழ, பின்கட்டை வந்து சொருகுற இரும்பு கழுத்து இருக்குல்ல, அதோட வலது பக்கம். மேல கிரீடம், அதுக்கு கீழ ராஜாவோட எழுத்து, அப்புறம் ஃபேக்டரி பேரு, வருஷம், மார்க். என்ஃபீல்டு, பிஎஸ்ஏ கம்பெனி, எல்எஸ்ஏ கம்பெனி, இஷாப்பூர், லித்கோ. பிஎஸ்ஏன்னா பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ், எல்எஸ்ஏன்னா லண்டன் ஸ்மால் ஆர்ம்ஸ், லித்கோ ஆஸ்திரேலியால நியூ சவுத் வேல்ஸ்ல இருக்கு, இஷாப்பூர் நம்ம கல்கத்தா பக்கத்துல ஹூக்ளி கரையில, 1904ல ஆரம்பிச்ச ரைபிள் ஃபேக்டரி. இஷாப்பூர் சரக்குல ராஜா எழுத்து ஜி.ஆர்.ஐ.ன்னு இருக்கும். கடைசி ஐ எழுத்து இம்பரேட்டர், அதாவது சக்கரவர்த்தி. லண்டன்ல அவரு வெறும் ராஜா, நம்மள ஆளும்போது சக்கரவர்த்தி. சுதந்திரத்துக்கு அப்புறம் அந்த எடத்துல அசோக சிங்கமும் ஆர்.எஃப்.ஐ.யும் (ரைபிள் ஃபேக்டரி இஷாப்பூர்) வந்துச்சு.

இனிமே சொல்றது எல்லாத்துக்கும் இந்த கழுத்தும் பாடியும் (குழல் மாட்டுற, போல்ட் ஓடுற நடு இரும்பு) தான் ஆதாரம். மத்த பார்ட்ஸ் எல்லாம் கழட்டி மாத்தலாம், இத மாத்த முடியாது, மாத்துனா அது வேற ரைபிள்.

போல்ட் நம்பர் ஒண்ணு, பாடி நம்பர் ஒண்ணு

இது தான் எல்லாரும் மொதல்ல கேக்குறது. அந்த காலேஜ் கோத்துல என்கூட லிஸ்ட் எழுதுன பையன் காசிமேடு, ரெண்டாவது வருஷம் படிக்கிறான், நோட்ட வெச்சுக்கினு நம்பர் எழுதிக்கினே வந்தவன் பாதில நிறுத்திட்டான். "இன்னாண்ணா இது, எல்லாம் ஜோடி மாறி கீது, செருப்பு கடைல ஆஃபர்ல போட்ட மாதிரி." சிரிச்சுட்டேன். ஆனா அவன் சொன்னது கரெக்ட்.

நம்பர் எங்கெங்க இருக்கும்னு சொல்றேன். நம்பர் 1ல பாடியோட முன் வளையத்துல வலது பக்கம், அதுக்கு ஒட்டி குழல்ல, போல்ட் கைப்பிடிக்கு பின்பக்கம், பேக்சைட் இலைய தூக்கினா அடியில, மூக்கு மூடில, முன்கட்டைல மூக்கு மூடிக்கு பின்னால அடிப்பக்கம். ஃபேக்டரி விட்டு வெளிய வரும்போது இந்த ஆறு எடமும் ஒரே நம்பர். நம்பர் 4ல பாடி நம்பர் கழுத்தோட இடது பக்கம் இருக்கும், அங்க தேடாம வளையத்துல தேடிக்கினு "நம்பரே இல்ல"ன்னு எழுதி வெக்கிறவங்க உண்டு.

ஏன் போல்ட்டுக்கு தனியா நம்பர் அடிக்கிறாங்கன்னா, போல்ட்டோட காது ரெண்டும் பாடில சமமா உக்காரணும், போல்ட் தலைக்கும் குழலோட பின்வாய்க்கும் நடுவுல இருக்கற இடைவெளி கணக்கா இருக்கணும். அத ஹெட்ஸ்பேஸ்னு சொல்லுவோம். ஒரு பாடிக்கு தேச்சு சேத்த போல்ட்ட வேற பாடில போட்டா உள்ள போகும், மூடும், பாக்க நல்லா தான் இருக்கும், சுட்டா தான் தெரியும். நம்பர் 4ல இந்த வேலைய சுலபம் ஆக்க போல்ட் தலையவே 0, 1, 2, 3ன்னு நாலு சைஸ்ல பண்ணாங்க, நம்பர் தலை மேலயே இருக்கும். நம்பர் 1ல அப்படி சைஸ் நம்பர் கெடையாது, ஆர்மரர் உக்காந்து ஒவ்வொண்ணா போட்டு பாத்து தேய்ப்பான்.

சரி, நம்பர் மாறியிருந்தா மூணு விதம். ஒண்ணு, பழைய நம்பர் மேல கோடு அடிச்சு பக்கத்துல புது நம்பர், அது பாடியோட ஒத்துப் போகுது. இது தங்கம். யாரோ ஒரு வொர்க்ஷாப்ல முறையா போல்ட் மாத்தி, செக் பண்ணி, திரும்ப நம்பர் அடிச்சிருக்காங்க. கோடு போட்ட பழைய நம்பரையும் எழுதி வெச்சுக்கோங்க, அது அந்த போல்ட்டோட போன ஜென்மம். ரெண்டு, நம்பர் சுத்தமா வேற, கோடு கெடையாது. பத்து ரைபிள ஒரே நேரத்துல கழட்டி மண்ணெண்ணெய்ல ஊற வெச்சு துடைச்சவன் மாத்தி மாட்டியிருப்பான், டிபி ரைபிள்ல இது ரொம்ப சகஜம். இதுக்கு ட்ரிக் என்னன்னா, அதே கோத்துல இருக்கற மத்த ரைபிள் போல்ட்டயும் பாருங்க. அந்த காலேஜ்ல ரெண்டு ஜோடி அப்படியே அக்கம்பக்கத்துல மாறியிருந்துச்சு, எடுத்து மாத்தினோம், பையன் முகத்துல பல்பு எரிஞ்சுது. மூணு, போல்ட்ல நம்பரே இல்ல. ஸ்பேர் பார்ட்டா ஸ்டோர்ல கெடந்தது, மாட்டினவன் நம்பர் அடிக்கல.

ஒரு தப்பு எல்லாரும் பண்றது. நம்பர் ஒத்துப் போச்சுன்னா ஒரே ரைபிள்னு முடிவு பண்ணிடுறாங்க. பெரும்பாலும் நாலு இலக்கம் தீந்ததும் முன்னால ஒரு ஆங்கில எழுத்த போட்டு திரும்ப ஒண்ணுல இருந்து எண்ணுவாங்க, ஃபேக்டரிக்கு ஃபேக்டரி அதே நம்பர் வரும். ஃபேக்டரி, வருஷம், முன்னெழுத்து, நம்பர், நாலும் சேந்தா தான் ஒரு ஆள். வெறும் நம்பர வெச்சு தேடுறது ரேஷன் கடை க்யூவுல "குமாரு"ன்னு கூப்பிடற மாதிரி.

குழல்ல ஒரு வருஷம், கழுத்துல வேற வருஷம்

குழல் பாடிக்குள்ள போற இடத்துல, கட்டைய எடுத்தா தெரியுற தடிச்ச பகுதில வருஷம் சின்னதா இருக்கும், ரெண்டு இலக்கம் தான். குழல் வருஷம் பிந்தி இருந்தா பதறாதீங்க. குழல்ங்கிறது தேயுற சாமான், சைக்கிள் டயர் மாதிரி, தேஞ்சா மாத்துவாங்க. 1916 பாடில 1942 குழல் இருந்தா அது டூப்ளிகேட் இல்ல, ரெண்டு உலகப்போர் பாத்த ரைபிள்னு அர்த்தம். குழல் பாடிய விட ஒரு வருஷம் முந்தி இருந்தா அதுவும் சரி தான், டிசம்பர்ல செஞ்ச குழல் ஜனவரில மாட்டியிருப்பாங்க. பத்து பதினஞ்சு வருஷம் முந்தி இருந்தா தான் உக்காந்து யோசிக்கணும், அப்போ பழைய குழல எடுத்து புது பாடில போட்டிருக்காங்க, இல்ல கழுத்துல இருக்கற வருஷம் பொய்.

குழல் யாரோடதுன்னு அம்புக்குறி சொல்லும். கோழி கால் தடம் மாதிரி மூணு கோடு, அது பிரிட்டிஷ் அரசாங்க சொத்து. அம்புக்கு கீழ ஆங்கில ஐ எழுத்து இருந்தா இந்தியா. சி எழுத்துக்குள்ள அம்பு கனடா. ரெண்டு டி எழுத்துக்கு நடுவுல அம்பு ஆஸ்திரேலியா. யு எழுத்துக்குள்ள அம்பு தென்னாப்பிரிக்கா. ரெண்டு அம்பு மூக்கோட மூக்கு இடிச்சுக்கினு இருந்தா, அரசாங்கம் அத விட்டு வித்துடுச்சுன்னு அர்த்தம். ஒரே ரைபிள்ல ரெண்டு மூணு அம்பு இருக்கலாம், அதான் பயணம்.

மார்க் 3 ஸ்டார்னு போட்டிருக்கு, ஆனா பழைய பார்ட்ஸ் இருக்கு

1916ல சண்டை நடுவுல சீக்கிரம் செய்யணும்னு சில பார்ட்ஸ தூக்கிட்டாங்க, அப்படி தூக்குனதுக்கு தான் ஸ்டார். போனது முக்கியமா ரெண்டு. மேகசினுக்கு மேல குறுக்க போற தகடு, அத தள்ளி வெச்சா மேகசின்ல இருந்து குண்டு ஏறாது, ஒண்ணு ஒண்ணா போட்டு சுடலாம், கட்-ஆஃப்னு பேரு. இன்னொண்ணு முன்கட்டை இடது பக்கத்துல வட்டமா ஒரு டயல், ரொம்ப தூரத்துக்கு கூட்டமா சேந்து சுடுறதுக்கு.

ஸ்டார் போட்ட பாடில தகடு போற பிளவு மட்டும் இருந்தா தப்பு இல்ல, பிளவு வெட்டி வெச்ச பாடிய வீணாக்காம ஸ்டார் அடிச்சு அனுப்பியிருக்காங்க. பிளவ மட்டும் வெச்சு முடிவு சொல்ல கூடாது. ஆனா ஸ்டார் பாடில டயலோட முழு கட்டை மாட்டியிருந்தா அந்த கட்டை வேற ரைபிளோடது. இடது பக்கம் விரல வெச்சு தடவி பாருங்க, டயல் இல்லாட்டியும் அது உக்காந்த பள்ளமோ தட்டையான இடமோ விரலுக்கு தெரியும். நான் கண்ணால பாக்கறத விட விரல தான் நம்புவேன். ஸ்டார் மேல கோடு அடிச்சிருந்தா, இல்ல ஸ்டார் மட்டும் வேற பஞ்ச்ல அடிச்ச மாதிரி இருந்தா, பின்னாடி மாடல் மாத்தியிருக்காங்க.

பின்கட்டை கருப்பு, முன்கட்டை வெளுப்பு

கட்டை வெயில்லயும் மழைலயும் முதல்ல போறது, அதனால கலர் மாறுனா ஆச்சரியம் இல்ல. இங்கிலாந்து சரக்கு வால்நட், கருஞ்செவப்பா ரேகை ஓடும். ஆஸ்திரேலியா கட்டை கோச்வுட், வெளிர் செம்பழுப்பு, மெத்துனு இருக்கும், அதனாலயே பாடி இடிக்கிற இடத்துல செம்பு தகடு வெச்சிருப்பாங்க. கட்டைய எறக்கும்போது அந்த செம்பு மின்னுனா லித்கோ. கட்டைலயோ இரும்புலயோ எம்.ஏ.ன்னு ரெண்டு எழுத்து இருந்தாலும் லித்கோ.

நம்ம இஷாப்பூர் வேலைக்கு ஒரு கையெழுத்து உண்டு. மேகசினுக்கு முன்னாடி முன்கட்டைக்கு குறுக்க ஒரு ஸ்க்ரூ, ரெண்டு பக்கமும் தெரியும். நம்ம வெயிலுக்கும் ஈரத்துக்கும் கட்டை பிளந்துடக் கூடாதுன்னு போட்டது. இத பாத்தா கண்ண மூடிக்கினு சொல்லலாம், இந்த ரைபிள் எங்க பொறந்திருந்தாலும் இந்தியா வொர்க்ஷாப் வாசல் மிதிச்சிருக்கு. பாடி என்ஃபீல்டா இருந்து இந்த ஸ்க்ரூ இருந்தா கட்டை இங்க மாத்தினது, இல்ல இங்க ஸ்க்ரூ போட்டது. முன்கட்டை மேல செம்பு கம்பி சுத்தி ஈயம் வெச்சிருந்தா அது க்ரெனேட் எறிய ஒதுக்குனது.

பின்கட்டைல வலது பக்கம் ஒரு பித்தளை வட்டம் இருந்தா அதுல எந்த பட்டாளம்னு அடிச்சிருப்பாங்க. நம்ம பக்கம் இது சுவாரஸ்யம், ஏன்னா வெள்ளைக்காரன் காலத்துல ரயில்வேக்காரங்களுக்குன்னே வாலண்டியர் ரைபிள் படை இருந்துச்சு, மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேக்கு தனியா உண்டு, பெரம்பூர், ராயபுரம் ரயில்வே குடும்பங்கள்ல தாத்தா அதுல இருந்தவரா இருக்கலாம். முக்காவாசி ரைபிள்ல வட்டம் பிடுங்கி போயிருக்கும், வெறும் குழி தான்.

நம்பர் 4ல அமெரிக்கா பேரு இருக்கு

ஒரு சின்ன விஷயம். நம்பர் 4 இடது பக்கம் "யு.எஸ். ப்ராபர்ட்டி"ன்னு இருந்தா அமெரிக்க ஆர்மி ரைபிள்னு நெனச்சுடாதீங்க. சேவேஜ்ங்கிற கம்பெனி மாசசூசெட்ஸ்ல செஞ்சு லெண்ட் லீஸ் திட்டத்துல பிரிட்டனுக்கு குடுத்தது, கணக்குக்காக அந்த முத்திரை. லாங் பிராஞ்ச்னு இருந்தா கனடா. எம்47சின்னா பிஎஸ்ஏவோட ஷெர்லி ஃபேக்டரி. எஃப் அல்லது ஆர்.ஓ.எஃப். எஃப்.ன்னா ஃபேசக்கர்லி, லிவர்பூல் பக்கம். எஃப்.டி.ஆர்.ன்னு எழுதி பக்கத்துல வருஷம் இருந்தா அந்த வருஷம் முழுசா கழட்டி புதுசாக்குனதுன்னு அர்த்தம், அப்போ உள்ள எல்லா பார்ட்ஸும் கலந்து தான் இருக்கும், ஃபேக்டரியே கலந்து போட்டது, அதுக்கு அழ வேணாம்.

முத்திரைல ஏதோ உதைக்குது

விக்டோரியா ராணி எழுத்து வி.ஆர்., கீழ வருஷம் 1912. ராணி 1901லயே போய் சேந்தாச்சு. இந்த மாடல் வந்ததே அதுக்கு அப்புறம். இப்படி ராஜாவும் வருஷமும் ஒத்து வராட்டி அது கைபர் கணவாய் பக்கத்து நாட்டு வேலை. என்ஃபீல்டுங்கிற ஆங்கில ஸ்பெல்லிங்ல என் எழுத்து கண்ணாடில பாத்த மாதிரி திரும்பி இருக்கும், எழுத்து ஒண்ணு மேல ஒண்ணு கீழ டான்ஸ் ஆடும், கிரீடம் கத்திரிக்கா காம்பு மாதிரி இருக்கும். இங்கிலீஷ் தெரியாத ஆளு பாத்து வரைஞ்சு வெட்டுனது. கை வேலைன்னு பாத்தா கும்பிடலாம், ஆனா இரும்பு எங்க எடுத்தாங்கன்னு கேக்க கூடாது. அத தனியா எடுத்து வைங்க, மத்ததோட சேத்து எழுதாதீங்க.

நல்ல முத்திரை எப்படி இருக்கும்னு ஒரு தடவ விரலால தடவி பழகிட்டா, கெட்டது தானா இடிக்கும். ஃபேக்டரி பஞ்ச் ஒரே ஆழமா, ஓரம் கூர்மையா இருக்கும்.

பாக்க த்ரீ நாட் த்ரீ தான், ஆனா மேகசின் பொட்டி மாதிரி இருக்கு

அது .303 இல்ல. 1962 சண்டைக்கு அப்புறம் இஷாப்பூர்ல அதே மூக்கு சப்பை ரைபிள 7.62க்கு புதுசா செஞ்சாங்க, 2ஏ, அதுக்கு அப்புறம் 2ஏ1. மேகசின் சாஞ்சு வளைஞ்சு இல்லாம சதுரமா தொங்கும். பேக்சைட்ல 2000 வரைக்கும் போட்டிருந்தா 2ஏ, 800ல நின்னா 2ஏ1. பழைய .303 இலைய கொண்டு வந்து மாட்டியிருந்தா இந்த கணக்கு தப்பும், அதனால கழுத்து எழுத்த தான் நம்பணும், 7.62னு நேராவே எழுதியிருக்கும். பழைய .303 மாத்துனதுன்னு நெறைய பேர் சொல்லுவாங்க, அது தப்பு, பாடி உலோகமே வேற, புதுசா செஞ்சது. கருப்பு பெயின்ட் அடிச்சிருப்பாங்க, முத்திரை பெயின்ட்டுக்குள்ள முழுகியிருக்கும், சொரண்டாதீங்க, டார்ச்ச படுக்க வெச்சா தெரியும்.

குழலுக்குள்ள டார்ச் அடிச்சா வரி வரியா சுத்திக்கினு போற ரேகை இல்லாம வழவழன்னு இருக்கா? அது .410 மஸ்கெட், இஷாப்பூர்ல போலீசுக்கும் காவலுக்கும் குழல் ரேகைய எடுத்து விட்டது, மேகசின் இடத்துல மரக்கட்டை வெச்சிருக்கும், ஒண்ணொண்ணா தான் போடணும். கலவரத்துல புடுங்கினாலும் .303 ரைபிள் மாதிரி தூரத்துக்கு குறி வெச்சு சுட முடியாது. குழல் ஓட்டை ரொம்ப சின்னதா, பென்சில் கூட போகாத மாதிரி இருந்தா ட்ரெயினிங்குக்கு .22 ஆக்குனது, என்சிசில பழைய ஆளுங்க அதுல தான் சுட்டு பழகியிருப்பாங்க.

ஓட்டை போட்டிருக்கு, டிபின்னு அடிச்சிருக்கு

பாடி, குழல், கட்டை, போல்ட்னு கண்ட இடத்துல எல்லாம் டிபி அடிச்சிருப்பாங்க, சேம்பர்ல ட்ரில் ஓட்டை, ஃபயரிங் பின் மூக்கு வெட்டியிருக்கும். டிபி ஆக்கும்போது கழிச்சு போட்ட பார்ட்ஸ எல்லாம் வாரி மாட்டுறது வழக்கம், அதனால இதுல நம்பர் ஒத்து வரும்னு எதிர்பாக்கவே கூடாது. ஆனா சில நேரம் பாடி ரொம்ப பழசா, நல்ல சரக்கா இருக்கும். உள்ள ஓட்டைய அடைக்கலாமான்னு ஒருத்தர் கேட்டாரு. கூடாது. அது கிரிமினல் கேஸ், அதோட அந்த இரும்ப எதுக்கு ஒதுக்குனாங்கன்னு ஆர்மரருக்கு தான் தெரியும்.

அந்த கோத்துல மூணாவது ரேக்குல இருந்தத வெச்சு ஒண்ணு முழுசா சொல்லிடறேன். கழுத்து சாக்பீஸ் தேச்சதும் கிரீடம், ஜி.ஆர்., பிஎஸ்ஏ கம்பெனி, 1916, ஸ்டார். கட்டைய எறக்கினா குழல்ல 42, அம்புக்கு கீழ ஐ. போல்ட்ல ஒரு நம்பர் கோடு அடிச்சு, பக்கத்துல பாடி நம்பர். முன்கட்டை வெளுப்பு, குறுக்க ஸ்க்ரூ, பின்கட்டை கருப்பு வால்நட், பித்தளை வட்டம் இல்ல, குழில யாரோ சுண்ணாம்பு அடைச்சிருக்காங்க. மூக்கு மூடில எம்.ஏ. காசிமேட்டு உப்பு காத்துல ட்ரிக்கர் காவல் மட்டும் துரு. நான் அவசரத்துல பையன்கிட்ட "பர்மிங்காம் சரக்குடா, முதல் உலகப்போர் பாத்தது"ன்னு ரெஜிஸ்டர்ல எழுத சொல்லிட்டேன். அவன் பேனாவ வெச்சுட்டு கேட்டான், "அண்ணா, குழல் நம்மூரு, மூடி ஆஸ்திரேலியா, கட்டை நம்மூரு, அப்போ எப்படி பர்மிங்காம்னு மட்டும் எழுதுறது?"

நான் தான் தப்பு. பிறந்த ஊர் மட்டும் எழுதினா பாதி பொய். பிறகு இப்படி எழுதினோம்: பாடி பிஎஸ்ஏ பர்மிங்காம் 1916, குழல் இந்தியா 1942, போல்ட் வேற ரைபிளோடது, வொர்க்ஷாப்ல சேத்து நம்பர் மாத்தினது, பழைய நம்பர் தனியா, முன்கட்டை இஷாப்பூர் முறை, மூக்கு மூடி லித்கோ, நம்பர் எதோடயும் சேரல, டிபி. ஒவ்வொரு பார்ட்டுக்கும் ஒரு வரி, நம்பர் எங்க படிச்சோம்னும் எழுதினோம், போட்டோவ அந்த வரிசைலயே எடுத்தோம். அந்த லித்கோ மூக்கு மூடி நம்பர மத்த நாலு ரைபிள்லயும் தேடினோம், இல்ல. பையன் அந்த நம்பர மட்டும் நோட்டு அட்டைல பெருசா எழுதி வெச்சுக்கினான், அடுத்த கோத்துக்கு போனா முதல்ல அத தான் தேடுவானாம்.